பெட்டி மாறிய அட்டை

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலை சத்தியப்பிரியா ஸ்கூட்டியில் தனியாகத்தான் வேலைக்குப் போனாள்.

மற்ற நாட்களில் பின்சீட்டில் நாத்தனார் சந்திரலேகா இருப்பாள். இன்று அவளைப் பிரியாவின் கணவன் வேல்பாண்டி ஆறரை மணிக்கே பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். "சீக்கிரம் வரச் சொல்லிருக்காக மதினி" என்று மட்டும் சொல்லிவிட்டு லேகா செருப்பை மாட்டினாள். யார் வரச் சொன்னார்கள் என்று பிரியா கேட்பதற்குள் பைக் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

புதுவயலில் அரிசி ஆலைகளுக்கு நெல் ஏற்றி வந்த லாரிகள் சாலையின் பாதியை அடைத்து நின்றன. ஒதுங்கி ஒதுங்கி சாக்கோட்டைச் சாலைக்கு வருவதற்குள் எட்டரை ஆகிவிட்டது.

அந்தச் சாலையில்தான் நாச்சியப்பனின் மாத்திரை பேக்கிங் ஆலை இருந்தது. சென்னையில் ஒரு கம்பெனி தயாரிக்கும் மாத்திரைகளை அட்டையில் அடைத்து, அட்டைகளைப் பெட்டியில் போட்டு அனுப்புவது வேலை. வேல்பாண்டி அங்கே மெஷின் டெக்னீஷியன். பிரியா தரக்கட்டுப்பாட்டு அலுவலர். வேல்பாண்டியின் தங்கை சந்திரலேகா புருஷன் வீட்டை விட்டு, மகள் தீக்ஷாவோடு அண்ணன் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. அவளுக்கு அந்த ஆலையில் ஒப்பந்த வேலை வாங்கிக் கொடுத்ததே பிரியாதான்.

திங்கட்கிழமை புகார் வந்தது முதல் பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மேலூரில் ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர் சர்க்கரை நோய்க்கு ஒரு மில்லிகிராம் மாத்திரை சாப்பிடுகிறவர். இவர்கள் பேக் செய்த பெட்டிதான். மூன்று அட்டைகளில் நடுவில் இருந்தது நாலு மில்லி அட்டை. நிறம் ஒன்று, அளவு ஒன்று, எழுத்து மட்டும் வேறு. கண்ணாடி இல்லாமல் எடுத்துப் போட்டுக்கொண்டார். சர்க்கரை இறங்கி, பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தார். தலையில் ஆறு தையல். பிழைத்துக்கொண்டார். மகன் அட்டையைப் படம் எடுத்துச் சென்னைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குச் சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகள் விசாரணைக்கு வருகிறார்கள். அதற்குள் காரணம் என்ன என்று அறிக்கை தயாராக வேண்டும்.

மேலாளர் உதயகுமார் அவளை உட்காரச் சொன்னார்.

"இன்னைக்கு முடிச்சிருவோம் சத்யா. மனிதத் தவறு. பேக்கிங் டேபிள்ல இருந்த பொண்ணு கவனக்குறைவா ஒரு அட்டைய மாத்தி வச்சிருச்சு. மறுபயிற்சி குடுத்தாச்சு, ஒப்பந்தத்துல இருந்து எடுத்தாச்சுன்னு எழுதுனா அவங்களும் ஒத்துக்குவாங்க."

"எந்தப் பொண்ணு சார்?"

அவர் மேசைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "சந்திரலேகா."

"கையால மாத்தி வச்சாலும் கேமரா புடிச்சிருக்கணுமே சார்" என்றாள்.

"நாலு மணி வரைக்கும் பாருங்க. அதுக்கு மேல என்கிட்ட நேரம் இல்ல."

இரண்டாம் லைனில் அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பெட்டிக்குள் விழுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கேமரா இருக்கும். ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் அச்சடித்த கோடுகளை அது படிக்கும். கோடு வேறாக இருந்தால் காற்றை அடித்து, அந்த அட்டையைப் பூட்டுப் போட்ட தொட்டிக்குள் தள்ளிவிடும். அப்படித் தள்ளியது எத்தனை என்று ஷிஃப்ட் முடிவில் எழுதி, பிரியா கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் பத்து நாலு மில்லி அட்டைகளை எடுத்து, ஓரத்தில் சிவப்பு மையால் குறி வைத்தாள். ஒரு மில்லி அட்டைகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செருகினாள்.

"ஓட்டுங்க கோட்டைச்சாமி அண்ணே."

ஆபரேட்டர் கோட்டைச்சாமி பொத்தானை அமுக்கினார். காற்று புஸ் புஸ்ஸென்று அடித்தது. தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். சிவப்பு மை வைத்த பத்தும் உள்ளே கிடந்தன. மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் பத்து.

கேமராவில் குறை இல்லை. ஆனால் அந்தப் பத்தோடு நல்ல அட்டைகளும் கிடந்தன. கால் மணி நேரத்தில் பதினேழு. ஐந்தாறு அட்டையை அடுத்தடுத்துத் தள்ளியதும் மெஷின் தானாக நின்றுவிட்டது.

"இப்படித்தான் மேடம். பளபளன்னு புது ஃபாயில் வந்ததுல இருந்து நின்னு நின்னுதான் ஓடும்" என்றார் கோட்டைச்சாமி. சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்.

அட்டையின் முதுகில் ஒட்டும் புது ஃபாயில் தாளில் பளபளப்பு அதிகம், வெளிச்சம் பட்டுக் கேமரா தடுமாறுகிறது என்று போன மாதமே அவள் மேலாளருக்கு எழுதியிருந்தாள். பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமே மெஷின் நிற்பது குறைந்தது. சரிசெய்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அறைக்குப் போய்ப் பழைய தாள்களைப் புரட்டினாள். தள்ளிய அட்டைகள்: பூஜ்யம். மறுநாள்: பூஜ்யம். மூன்று வாரத்தில் பதினோரு ஷிஃப்ட்டுக்குப் பூஜ்யம். ஒவ்வொன்றின் கீழும் அவளுடைய கையெழுத்து. வாராந்திரக் குறிப்பில் அவள் கையாலேயே, 'பிரச்சினை தீர்ந்தது' என்று வேறு எழுதியிருந்தாள்.

நல்லதையே இத்தனை தள்ளுகிற கேமரா ஒரு நாள் முழுக்க ஒன்றைக்கூடத் தள்ளவில்லை என்றால், அது அன்றைக்குக் கண்ணைத் திறக்கவே இல்லை. பதினோரு முறை பார்த்தும் அவள் அதைக் கேட்கவில்லை.

திரும்ப லைனுக்கு வந்து மெஷின் திரையில் பழைய பதிவுகளைத் திறந்தாள். 'கேமரா நிறுத்தம்', 'கேமரா இயக்கம்' என்று தேதியும் நேரமும் வரிசையாக வந்தன. அதே பதினோரு ஷிஃப்ட். நிறுத்தியவர் என்ற இடத்தில் ஒரே பெயர்தான் இருந்தது. வேல்பாண்டி.

ஆலைக்குள் செல்போன் கொண்டுவரக் கூடாது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதும்போது பேனாவை இறுக்கிப் பிடித்ததில் விரல் வலித்தது.

இன்னொன்று மிச்சம் இருந்தது. நாலு மில்லி அட்டை லைனுக்குள் எப்படி வந்தது? முந்தைய மருந்தின் அட்டைகள் ஒன்றுவிடாமல் எடுத்த பிறகுதான் அடுத்ததை ஓட்ட வேண்டும். கோட்டைச்சாமியிடம், அட்டைகள் சறுக்கி வரும் தகட்டைக் கழற்றச் சொன்னாள். தகட்டுக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருந்தது. அதில் இரண்டு அட்டைகள் நட்டுக்குத்தாகச் செருகிக் கிடந்தன. எண்ணைப் பார்த்தாள். போன வாரம் ஓட்டிய வேறு மருந்து.

மெஷின் அதிர அதிர எப்போதாவது ஒன்று நழுவி வந்து வரிசையில் சேரும். கேமரா பார்த்தால் தள்ளிவிடும். பார்க்காத நாளில், அந்த நாலு மில்லி அட்டையைப் போல, பெட்டிக்குள் போய்விடும்.

வேல்பாண்டி ஜெனரேட்டர் அறை ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.

"கேமராவ நிப்பாட்டுனது நீங்கதானா?"

அவன் அவள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தான். "மேனேஜர் சொன்னாரு."

"எழுதிக் குடுத்தாரா?"

"வாயில சொன்னாரு. நின்னு நின்னு ஓடுனா சரக்கு வண்டி ஏறாது, நிப்பாட்டி ஓட்டுப்பான்னாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல. ஒரே வீட்டுல இருக்கோம். ஒரே தட்டுல திங்காத குறைதான்."

"சொன்னா நீ விட்டுருப்பியா?"

"லேகா பேர எழுதச் சொல்றாரு. அதாச்சும் தெரியுமா ஒங்களுக்கு?"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "நாந்தான் மாத்தி வச்சேன்னு லேகா கையெழுத்துப் போட்டுருச்சு."

"எப்ப?"

"காலையில. நாந்தான் கூட்டிட்டு வந்தேன்."

பிரியா நோட்டை மூடினாள்.

"அது ஒப்பந்த வேலைதான பிரியா. ரெண்டு மாசம் பொறுத்து வேற எங்கயாச்சும் சேத்து விட்டுரலாம். என் பேரு வந்தா எங்குட்டும் எடுக்க மாட்டாங்க. அதுக்கும் சேத்துத்தான் நான் சம்பாதிக்கிறேன்."

"இத அவ கிட்ட சொல்லித்தான் கையெழுத்து வாங்குனீகளா?"

"ஒன்னும் சொல்லல. போடுன்னேன். போட்டுருச்சு."

மதியச் சாப்பாட்டுக்கு அவள் போகவில்லை. கடைசியாக ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அலுவலகத்திலிருந்து கறுப்புச் சார்ட் பேப்பர் ஒன்றை வாங்கி வந்தாள். கூரை விளக்கின் வெளிச்சம் ஃபாயிலில் படாதபடி கேமராவைச் சுற்றி மூடி ஒட்டினாள். கேமராவின் சொந்த விளக்கைக் கொஞ்சம் சாய்த்துத் திருப்பினாள். கோட்டைச்சாமி ஓட்டினார்.

ஒரு மணி நேரம் ஓடியது. மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. சிவப்பு மை வைத்த பத்தும் தொட்டியில் கிடந்தன. நல்ல அட்டை ஒன்றே ஒன்று.

"இம்புட்டுத்தானா மேடம்?" என்றார் கோட்டைச்சாமி.

இருபது நிமிட வேலை. தகட்டுக்குப் பின்னால் இருந்த இடுக்கை அடைக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். இதைச் செய்ய ஆளில்லாமல்தான் மேலூரில் ஒருவர் தலையில் தையலோடு படுத்திருக்கிறார். பிரியா தொட்டியைப் பூட்டினாள்.

நாலு மணிக்கு உதயகுமார் அவளுடைய நோட்டை முழுக்கப் படித்தார். நிதானமாக, பக்கம் பக்கமாக.

"பதினோரு ஷிஃப்ட்டுன்னா எத்தன பேட்ச்?"

"ஏழு சார். ஏழையும் கடையில இருந்து திரும்ப எடுக்கணும்."

"ஒன்னுன்னா எடுத்துரலாம். ஏழுன்னா நாச்சியப்பன் சார் லைனையே மூடிருவாரு. அறுபது பேரு வேல பாக்குறாங்க இங்க."

"நிப்பாட்டி ஓட்டச் சொன்னது நீங்கன்னு வேல்பாண்டி சொல்றாரு."

"நானா? எழுத்துல இருக்கா?" அவர் குரல் உயரவே இல்லை. "எழுத்துல இருக்குறது ரெண்டுதான். மெஷின்ல ஒங்க வீட்டுக்காரர் பேரு. தாள்ல ஒங்க கையெழுத்து. பதினோரு பூஜ்யம், பதினோரு கையெழுத்து."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். 'கவனக்குறைவாக நான்தான் அட்டையை மாற்றி வைத்தேன்.' கீழே சந்திரலேகாவின் குண்டு குண்டான கையெழுத்து.

"இது ஒன்னு, ஒங்க நோட்டு ஒன்னு. எத அனுப்பலாம்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அதுக்கு முந்தி ஒரு விசயம். பன்னெண்டாம் தேதியும் பதிமூனாம் தேதியும் வேல்பாண்டி லீவு. அந்த ரெண்டு நாளும் அவர் பேர்லதான் கேமரா நின்னுருக்கு. யாரு போட்டதுன்னு வீட்டுல கேட்டுட்டு வாங்க."

வீட்டுக்கு வந்தபோது ஆறரை. கூடத்தில் தீக்ஷா தரையில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் லேகா தோசைக் கல்லை வைத்திருந்தாள். வேல்பாண்டி டிவி முன்னால் இருந்தான். டிவி ஓடவில்லை.

பிரியா கைப்பையைக்கூட வைக்கவில்லை. "பன்னெண்டு, பதிமூனு. அந்த ரெண்டு நாளும் கேமராவ நிப்பாட்டுனது யாரு?"

வேல்பாண்டி தலையைத் திருப்பவில்லை. அடுப்படியிலிருந்து லேகா சொன்னாள்.

"நான்தான் மதினி."

தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாசல்படியில் வந்து நின்றாள்.

"அண்ணன் பாஸ்வேர்டு சொல்லிட்டுப் போச்சு. நிக்கிறப்ப இத அமுக்குன்னு. அது எதுக்கு இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா? மிஷினு நின்னா சூப்பர்வைசர் எங்களத்தான் வையுறாரு. அமுக்குனேன்."

"ஒன் விசயமாப் பேசத்தான் அன்னைக்குச் சிவகங்கைக்குப் போனேன். ஒன் மாமியா வீட்டு வாசல்ல ரெண்டு நாளு நின்னேன்" என்றான் வேல்பாண்டி.

"நான் இல்லன்னு சொல்லலையேண்ணே." லேகா அவனைப் பார்க்காமல் பேசினாள். "ஆனா மேலூர்க்காரருக்குப் போன பெட்டி ஏழாந்தேதி போட்டது. லேபிள நானும் பாத்தேன். அது என் நாளு இல்ல. ஒன் நாளு. கையெழுத்துப் போடுன்னு பேனாவக் குடுத்தப்பயும் எனக்குத் தெரியும். ஒன் வீட்டுல இருக்கேன். போட்டேன்."

தீக்ஷா எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "நீ எழுது" என்றாள் லேகா.

நாள் முழுக்கப் பிரியா ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பாவமும் அறியாதவளைக் காப்பாற்றப் போகிறோம் என்று. அதில் மனத்தின் ஓரத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்து, தீக்ஷாவிடமிருந்து ஒரு தாளைக் கிழித்து வாங்கி எழுத ஆரம்பித்தாள். பதினோரு நாள் பூஜ்யத்தைப் பார்த்தும் கேட்காமல் கையெழுத்திட்டவர் என்று தன் பெயரை முதலில் எழுதினாள். அடுத்து வேல்பாண்டி, ஒன்பது ஷிஃப்ட். அடுத்து சந்திரலேகா, இரண்டு ஷிஃப்ட்.

"மேனேஜர் சொல்லித்தான் நிப்பாட்டுனேன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்று தாளை வேல்பாண்டி பக்கம் நகர்த்தினாள். "அது இல்லாட்டி அவரு தப்பிச்சிருவாரு."

"போட்டா மூணு பேருக்கும் வேல போயிரும். வீட்டுல உக்காந்துக்கிட்டு என்ன செய்யப் போற?"

"அந்த ஏழு பேட்ச்சும் இன்னும் கடையில இருக்குங்க. இப்பக்கூட யாராச்சும் வாங்கிட்டு இருப்பாக."

"எல்லாப் பெட்டியிலயுமா தப்பா இருக்கு?"

"எதுல இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அவன் எழுந்தான். பேனாவைத் தொடவில்லை. ஆணியில் மாட்டியிருந்த பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஊருக்குள் போகவில்லை. சாக்கோட்டைப் பக்கமாகத் திரும்பியது.

பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அது பழைய மெஷின். பாஸ்வேர்டு உள்ளவர் அமுக்கினால் பதிவு பூராவும் அழிந்துபோகும். அதற்குப் பிறகு மிஞ்சுவது அவள் கையால் எழுதிய ஒரு நோட்டும், லேகா கையெழுத்திட்ட ஒரு தாளும்தான்.

அவன் அதற்குத்தான் போகிறானா, மேலாளரைக் கேட்கப் போகிறானா, தெரியாது. ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தும் அவளால் சொல்ல முடியவில்லை.

செல்போனை எடுத்தாள். புகார்க் கடிதத்தில் இருந்த சென்னைக் கம்பெனியின் எண்ணை அழுத்தும்போது லேகா அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லப் போறீகளா?"

"ஆமா."

"அந்த ரெண்டு நாளையும் சொல்லுங்க. விட்டுறாதீக. விட்டுட்டு அப்பறம் அதச் சொல்லிக் காட்டாதீக." லேகா தரையில் கிடந்த தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். "பேசி முடிச்சிட்டு, பிள்ளையக் கூட்டிக்கிட்டு நான் எங்குட்டுப் போகணும்னும் சொல்லுங்க மதினி."

அடுப்படியிலிருந்து தோசை கருகும் வாடை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மறுமுனையில் எடுத்தார்கள். யார் பேசுகிறீர்கள் என்று ஓர் ஆண் குரல் கேட்டது.

பிரியா தன் பெயரையும் ஆலையின் பெயரையும் சொன்னாள். பிறகு, "எழுதிக்கிறீங்களா சார், ஏழு பேட்ச் நம்பர் சொல்லணும்" என்று சொல்லி, நோட்டைப் பிரித்து முதல் எண்ணைப் படித்தாள்.